பாலாத்துக் கோரையும் வந்தவாசிப் பாயும்

பிப்ரவரி 8, 2025, சனி, வாணியம்பாடி

கோரை பாக்கப் போறேன்னு சொன்னதும் வீட்ல எல்லாரும் அதுக்கு எதுக்கு பஸ் ஏறணும், நம்ம கொல்லையிலயே புடுங்கி மாளலையேன்னாங்க. கொல்லையில புடுங்கறது கிழங்குக் கோரை, முழங்கால் ஒசரம் கூட தாண்டாது. நான் பாக்கப் போறது ஆத்தோரம், ஏரியோரம், ஆறு கடல்ல கலக்கற எடத்துலல்லாம் இடுப்புக்கு மேல, சில எடத்துல ஆள் ஒசரத்துக்கே வளர்ற பெரிய கோரை. தண்ணி உப்பு கரிச்சாலும் தாங்கி நிக்கிற ஜாதி. கர்நாடகாவுல நந்தி மலையில பொறந்து ஆந்திரா வழியா நம்ம பக்கம் வர்ற பாலாத்த ஒட்டியே கொஞ்ச தூரம் போய், கடைசியா வந்தவாசில பாய் பின்றவங்கள பாத்துட்டு வரணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு. சித்தி பையன் ஆம்பூர்ல ஷூ கம்பெனில வேல பாக்கறான், அவனும் வண்டிய எடுத்துக்கிட்டு வந்துட்டான்.

காலைல நல்ல பனி. ஏழரை மணி வரைக்கும் எதிர்ல வர்ற லாரியே தெரியல. பாலத்துக்கு முன்னாடி ஒரு டீ, 12 ரூபா, கூட சூடா மசால் வட, அதுல சோம்பு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு, எனக்குப் புடிச்சிது. அப்பறம் வண்டிய ஓரங்கட்டிட்டு ஆத்துல எறங்கினோம். ஆறுன்னா மணல் அள்ளின பள்ளம், அதச் சுத்தி வேலிக்காத்தான், நடுவுல வாய்க்கா அகலத்துக்கு ஒரு தண்ணி. அந்தத் தண்ணியோட ரெண்டு பக்கமும் கோரை, பச்சைப் பசேல்னு.

ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் கிட்ட வந்தாரு. "இன்னாமா போட்டோ எடுக்கற, அதுல இன்னா கீது?" சொன்னேன். அவருக்கு இந்தக் கோரைய பத்தி சொல்ல நெறைய இருந்துச்சு. "2021 நவம்பர்ல வந்துச்சி பாரு வெள்ளம், அப்ப இங்க ஒண்ணு நிக்கல, மரமே போச்சி. இது மட்டும் மேல அடிச்சிகினு போச்சே தவிர அடியில கெழங்கு மண்ண புடிச்சிகினு இருந்துச்சி, தண்ணி வடிஞ்சதும் மொதல்ல தல நீட்டினது இதுதான்." அவர் சொன்னது அப்படியே சரி. இந்த வகைக் கோரைங்க விதையால மட்டும் பரவறது இல்ல, மண்ணுக்கடியில வேர்த்தண்டு ஓடிக்கிட்டே இருக்கும், அங்கங்க கிழங்கு கட்டும், ஒவ்வொரு கிழங்குல இருந்தும் ஒரு புதுத் தண்டு. மேல எவ்ளோ அறுத்தாலும் அடியில குடும்பம் அப்படியே இருக்கும்.

ஒரு தண்ட அடியோட ஒடிச்சு கையில வெச்சு ரொம்ப நேரம் பாத்தேன். பாக்க புல்லு தான், ஆனா புல்லு இல்ல. புல்லுத் தண்டு உருண்டையா, கணுக் கணுவா, கணுவுக்கு நடுவுல பெரும்பாலும் குழலா இருக்கும். இத ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு உருட்டினா உருள மாட்டேங்குது, மூணு பட்டை தட்டுது. இலையும் மூணு தெசையில பிரியுது. தம்பிகிட்ட பிளேடு வாங்கி குறுக்க ஒரு சீவு சீவினேன், உள்ள வெள்ளையா பஞ்சு, அந்தப் பஞ்சு பூரா பொடிப்பொடி ஓட்டை. அந்த ஓட்டை வழியாத்தான் மேல இருக்கற காத்து வேருக்கு எறங்குது. சேத்துக்குள்ள காத்தே கெடையாது, மத்த செடி வேர் அங்க மூச்சு முட்டி அழுகிடும், இது தன்னோட காத்த தானே எடுத்துக்கிட்டு எறங்குது. எத்தன தடவ படிச்சிருந்தாலும் அந்த ஓட்டைங்கள கண்ணால பாக்கறப்ப ஒரு சந்தோஷம் வருது பாருங்க, அது தனி.

இலை ஓரம் ஆள்காட்டி வெரல கிழிச்சிருச்சு, ரத்தம் நிக்கல. பெரியவர் ஒண்ணும் சொல்லாம வரப்போரம் போய் வெட்டுக்காயப் பூண்டு நாலு தழ கிள்ளி, உள்ளங்கையில கசக்கி சாறு விட்டாரு. எரிச்சலான எரிச்சல், ஆனா ரத்தம் நின்னுடுச்சு. டீக்கு காசு குடுத்தா வாங்கல, "நீ எங்க ஊருக்கு வந்த பொண்ணு, நான்தான் வாங்கித் தரணும்"னாரு.

பிப்ரவரி 9, ஞாயிறு, ஆம்பூர்

இன்னைக்கு எழுதறது கொஞ்சம் நீளமா போகும். இந்த எடத்த சுருக்க எனக்கு மனசு வரல.

காலைல தம்பி ஒரு எடத்துக்கு கூட்டிக்கிட்டு போனான், ஊர தாண்டி ஆத்தோரம். வாணியம்பாடில வாய்க்கா அகலத்துக்கு இருந்த கோரை இங்க ஆத்தயே மூடிக்கிட்டு நிக்கிது, கூடவே சம்பு, பழுப்புக் கலர்ல கதிர் விட்டு. தூரத்துல இருந்து பாக்கறவங்க ஆகா எவ்ளோ பச்ச, ஆறு செழிப்பா இருக்குன்னு தான் சொல்லுவாங்க. கிட்டப் போனா வாடை மூஞ்சில அடிக்கிது. தண்ணி தேஞ்ச ஓரத்துல மண்ணு மேல வெள்ளையா பூத்திருக்கு, வெரல வெச்சு தொட்டா பொரபொரன்னு வருது, உப்பு. கடல் இங்கேர்ந்து எங்கேயோ கெடக்கு.

இந்த உப்பு எப்படி வந்துச்சுன்னு தம்பி சொன்னான், அவன் தெனம் பாக்கறவன். ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ உரிச்ச ஒடனே கெட ஆரம்பிச்சிரும், அதனால கிலோ கணக்குல உப்பத் தடவி அடுக்கி அனுப்புவாங்க, தோல் எடைல மூணுல ஒரு பங்குக்கும் மேல உப்பே போகும். தோல் பதப்படுத்தற டேனரிக்கு வந்ததும் மொத வேலையே அத ஊற வெச்சுக் கழுவறது. கழுவின தண்ணில அந்த உப்பு அத்தனையும் கரைஞ்சு நிக்கும். முன்னாடி ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்தினாங்க, 1970களுக்கு அப்பறம் குரோமியம் போட்டுப் பண்றது பெருசா வந்துச்சு, தொழிலும் வளந்துச்சு, ஊர்ல பாதிப் பேருக்கு சோறும் அதுதான். அதையும் சொல்லணும். தம்பி வீட்டு அடுப்பு எரியறதும் தோல்லதான்.

ஆனா நெலம் போச்சு. 1996ல சுப்ரீம் கோர்ட் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல தீர்ப்பு சொன்னப்பவே, டேனரி இருக்கற பகுதியில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நெலம் பாதியாவோ முழுசாவோ சாகுபடிக்கு ஒதவாம போச்சுன்னு அதுல எழுதியிருக்காங்க. கெடுத்தவன் தான் செலவு ஏத்துக்கணும்ங்கறது நம்ம நாட்டு சட்டத்துல அழுத்தமா நின்னதே இந்த ஊர் வழக்குலதான். இப்ப போன மாசம் ஜனவரி 30ஆம் தேதி மறுபடி தீர்ப்பு வந்திருக்கு, பாதிக்கப்பட்டவங்களுக்கு நஷ்டஈடு குடு, கெடுத்தவங்ககிட்ட வசூல் பண்ணு, கண்காணிக்க ஒரு கமிட்டி போடுன்னு. நடுவுல இருவத்தெட்டு வருஷத்துக்கு மேல ஓடிப் போச்சு.

அங்கயே பக்கத்துல ஒரு அம்மா மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க நெலம் தான் அது, முக்கா ஏக்கர். "நெல்லு போட்டோம்மா, கரும்பு போட்டோம், கெணத்துல மோட்டார் போட்டா கரும்புக்கே உப்பு கரிக்கும், அப்பறம் நெல்லு குருத்துலயே கருகிகினு போச்சி. தென்ன மட்டும் நின்னுச்சி, அதுவும் காய் சின்னதா ஆயிடுச்சி. இப்ப யாரும் போடாமயே இதுதான் வருது." அவங்க காட்டினது வரப்பு வரைக்கும் வந்து நிக்கிற கோரைய.

ஏன் நெல்லு கருகி இது நிக்கிதுன்னா, மண்ணுல உப்பு ஏறிட்டா வேரால தண்ணிய இழுக்கவே முடியாது, காலடியில தண்ணி நின்னாலும் செடி தாகத்துல வாடும். உப்பு தாங்கற செடிங்க வேர்லயே ஒரு பங்கத் தடுக்கும், மீறி உள்ள வந்தத செல்லுக்குள்ள ஒரு தனி அறையில ஒதுக்கி வெச்சு மத்த வேலைக்கு எடஞ்சல் இல்லாம பாத்துக்கும். உலகம் பூரா கடலோர சதுப்புலயும் உள்நாட்டு உப்பு ஏரி ஓரத்துலயும் நிக்கிற போல்போஸ்கோனஸ் மரிட்டிமஸ்னு ஒரு கோரை இருக்கு, அது இதுல பேர் போனது. நம்ம ஆத்துல நிக்கிறது எந்தெந்த வகைன்னு பூ வெச்சுப் பாத்தாதான் பிரிக்க முடியும், ஆனா வேலை ஒண்ணுதான். இந்தப் பச்சைய பாத்து யாரும் ஆறு பொழைச்சிருச்சுன்னு நெனச்சிடக் கூடாதுன்னுதான் இவ்ளோ எழுதறேன். எது நிக்கிதுன்னு மட்டும் பாக்காதீங்க, எது நின்னுச்சு, இப்ப இல்லைன்னு அந்த ஊர்க்காரங்ககிட்ட கேளுங்க.

இந்தக் கோரையையும் சம்பையும் வெச்சே கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ணலாமேன்னு சில பேர் கேப்பாங்க. அழுக்கக் கொறைக்கும், அது உண்மை, பல நாட்டுல அப்படி செயற்கையா சதுப்பு கட்டறாங்க. உப்பு மட்டும் பெரும்பாலும் அப்படியே மறுபக்கம் போயிடும். உப்பப் பிரிக்க ஆர்ஓ வேணும், அப்பறம் காய்ச்சணும், இங்க பொது சுத்திகரிப்பு நிலையங்கள்ல அதத்தான் பண்றாங்க, கடைசில மிஞ்சற உப்ப எங்க கொட்டறதுங்கறது இன்னும் ஒரு தலைவலி.

அந்த அம்மா குடிக்க ஒரு சொம்பு தண்ணி குடுத்தாங்க. நல்லா இனிப்பா இருந்துச்சு. கெணத்துத் தண்ணியான்னு கேட்டேன். "ஐய, கெணத்துத் தண்ணிய வாயில வெக்க முடியுமா? இது காவிரிம்மா, மேட்டூர்லேர்ந்து பைப்புல வருது." பாலாத்தங்கரையில நின்னுக்கிட்டு காவிரித் தண்ணி குடிச்சேன்.

மத்தியானம் பிரியாணி. ஆம்பூர் வந்துட்டு சாப்டாம போனா தம்பி விட மாட்டான். சீரகச் சம்பா, காஞ்ச மொளகா ஊற வெச்சு அரைச்ச காரம், கூட அந்தப் புளிக்காரக் கத்தரிக்கா. மட்டன் 240 ரூபா. ஞாயித்துக்கெழமை கூட்டத்துல எதிர்ல ஒக்காந்திருந்த பெரியம்மா தன்னோட எலைலேர்ந்து ஒரு கறித்துண்ட எடுத்து "சின்னப் பசங்க சாப்டுங்க"ன்னு தம்பி எலையில போட்டுட்டாங்க, முன்ன பின்ன தெரியாதவங்க.

பிப்ரவரி 10, திங்கள், காவேரிப்பாக்கம்

ராத்திரி வேலூர்ல அத்தை வீடு. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கா போட்டு காரக்கொழம்பு, காம்புல முள்ளு கையக் குத்தும், வெந்தா வெண்ணெய். 2023ல இதுக்குப் புவிசார் குறியீடு கெடச்சிருக்கு, அத்தைக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல, "எங்க அம்மா காலத்துலயே இதுதான் ஒசத்தி"ன்னு முடிச்சிட்டாங்க.

காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போற வழியில வாலாஜா தாண்டி பின் டயர் பஞ்சர். வெயில் பத்து மணிக்கே சுள்ளுன்னு. வண்டியத் தள்ளிக்கிட்டு போறோம், எதிர்ல ஒரு மினி லோடு வேன் நின்னு, கேக்காமயே வண்டிய மேல ஏத்தி கடையில எறக்கி விட்டுட்டுப் போனாரு அந்த டிரைவர். பஞ்சர் 120.

பல்லவர் காலத்து ஏரி இது, தமிழ்நாட்டுல பெரிய ஏரிங்கள்ல ஒண்ணு, பாலாத்து அணைக்கட்டுலேர்ந்து கால்வாய் வழியா தண்ணி வருது. கரையில நடந்தா எதிர்க்கரை கண்ணுக்கு ஒரு கோடுதான். இங்கயும் கோரை. ஆனா கூட இருக்கறதப் பாருங்க, அல்லி, தாமரை, வள்ளைக்கீரை, நீர்முள்ளி, இன்னும் என்னென்னவோ, ஒண்ணோட ஒண்ணு எடம் போட்டி போட்டுக்கிட்டு. ஆம்பூர்ல கோரையும் சம்பும் மட்டும் ராஜா, இங்க கோரை பத்தோட பதினொண்ணு. எனக்கு நேத்து கேட்ட கேள்விக்கு இங்க பதில் கெடச்சிது.

நீலத் தாழைக்கோழி ஒண்ண அரை மணி நேரம் பாத்தேன். செவப்பு அலகு, நீள நீள வெரலு. கோரைத் தண்டு ஒண்ண அடியில கடிச்சு இழுத்து, ஒரு கால்ல புடிச்சுத் தூக்கி, மேல் தோல உரிச்சுத் தள்ளிட்டு உள்ள இருக்கற வெள்ளைக் குருத்த மட்டும் சாப்பிடுது. முந்தா நாளு நான் பிளேடு வெச்சுப் பாத்த அதே பஞ்சு. பறவைக்கு மட்டும் இல்ல, மனுஷனுக்கும் கோரையோட பழக்கம் பழசு. துருக்கில சாட்டல்ஹோயூக்குன்னு ஒம்பதாயிரம் வருஷத்துக்கு முந்தின ஊரத் தோண்டினப்ப, நேத்து சொன்ன அந்தப் போல்போஸ்கோனஸ் கோரையோட கருகின கிழங்குங்க நெறைய கெடச்சிருக்கு. நம்ம பக்கமும் சங்க காலத்துப் புள்ளைங்க பஞ்சாய்க் கோரையில பொம்மை செஞ்சு வெளையாடியிருக்காங்க. களைன்னு ஒரு பேர வெச்சு இத ஒதுக்கறது இப்ப வந்த பழக்கம்.

மீன் புடிக்கிறவர் ஒருத்தர் சொன்னாரு, கோரை ஓரத்துலதான் குஞ்சுங்க ஒதுங்கும், அத பூரா வெட்டிட்டா அடுத்த வருஷம் வலையில ஒண்ணும் இருக்காதுன்னு. கெண்டை கிலோ 160ன்னாரு. வாங்கிட்டுப் போய் பொரிக்க எடமில்லயேன்னு வருத்தமாப் போச்சு.

பிப்ரவரி 11, செவ்வாய், ஆற்காடு

தம்பிக்கு லீவு முடிஞ்சுது, இனிமே பஸ். இன்னைக்கு தைப்பூசம்ங்கறது தெரியும், ஆனா ரத்தினகிரி கூட்டம் ரோடு வரைக்கும் வரும்னு எதிர்பாக்கல. காவடி, பால் குடம், மேளம், பஸ்ஸுங்க அப்படியே நின்னுடுச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னோம். நடந்து போறவங்க ஜன்னல் வழியா மோர் குடுத்துக்கிட்டே போனாங்க, காசு கேக்காம.

ஆற்காட்டுல மக்கன் பேடா, ஒண்ணு 20 ரூபா, உள்ள முந்திரியும் பாதாமும், ரெண்டு சாப்டா மத்தியானச் சோறு வேண்டாம். அங்கேர்ந்து செய்யாறு வழியா வந்தவாசி. ராத்திரி லாட்ஜுல கொசு, பேன் ஓடல, தூக்கமே இல்ல.

பிப்ரவரி 12, புதன், வந்தவாசி

இதுவும் பழைய வடஆற்காடுதான், 1989ல பிரிச்சப்ப திருவண்ணாமலை பக்கம் போச்சு. வெளியூர்க்காரங்களுக்கு வந்தவாசின்னா 1760 ஜனவரில இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடிச்சுக்கிட்ட சண்டை. நம்மளுக்கு பாய்.

ஒரு தெருவுல நொழஞ்சதுமே தட் தட்னு சத்தம். தறி இருக்கற ஒரு வீட்டு வாசல்ல நின்னு உள்ள வரலாமான்னு கேட்டேன், அந்த வீட்டம்மா மொதல்ல தண்ணியும் அப்பறம் டீயும் குடுத்துட்டுதான் வேலையவே காட்டினாங்க. தரையோட தரையா பாவு நூல் இழுத்துக் கட்டியிருக்கு, அதுக்கு மேல பலகை போட்டு அவங்க ஒக்காந்திருக்காங்க. வீட்டுக்காரர் பக்கத்துல நனைஞ்ச கோரைக் கட்டோட. நீளக் குச்சி நுனியில ஒரு கோரைய மாட்டி பாவுக்குள்ள சர்ருனு விடறாரு, குச்சி வெளிய வந்ததும் இவங்க அச்ச இழுத்து ஒரு அடி. அடுத்த கோரைய தல மாத்தி விடறாங்க, ஒண்ணு அடிப்பக்கம், ஒண்ணு நுனிப்பக்கம், அப்பத்தான் பாய் ரெண்டு ஓரமும் ஒரே கனமா வரும். கையி பேசிக்கிட்டே ஓடுது, கணக்கு தப்பல. கோரை காய விட்டா ஒடியும், அதிகமா ஊறினா பாய் காஞ்சப்பறம் சந்து விழும், அந்தப் பதம் கையிலதான் தெரியும்னாங்க.

பைக்குள்ள பத்திரமா சுருட்டி வெச்சிருந்த பாலாத்துக் கோரைய எடுத்துக் குடுத்தேன். வெரல்ல நீவினாங்க, வளச்சாங்க, பட்டுனு ஒடிஞ்சிருச்சு. "இது பாய்க்கு ஒதவாதும்மா, ஒரே சீரா இல்ல, காஞ்சா சுருங்கிடும். பாய்க் கோரைய நட்டு, தண்ணி கட்டி, ஒரம் போட்டு வளக்கணும்." எங்கேர்ந்து வருதுன்னேன். "கரூர், நாமக்கல் பக்கம், காவிரிக்கரையில. லாரில கட்டு கட்டா எறங்கும். எங்க மாமியார் காலத்துல இங்கயே ஏரிக் கோரை அறுத்துகினு வந்து பின்னிகீறாங்க."

குடிக்கிற தண்ணிக்கும் காவிரி, படுக்கிற பாய்க்கும் காவிரி. பாலாத்த வெச்சுக்கிட்டு நம்ம இப்படி ஆயிட்டோமேன்னு எனக்கு அங்கயே தொண்ட அடச்சிருச்சு. அந்தம்மாவுக்கு அது புரிஞ்சுதோ என்னமோ, இன்னொரு டீ போடச் சொன்னாங்க.

கைத்தறிப் பாய் கொறஞ்சுக்கிட்டே வருது. தெருக்கோடியில மிஷின் தறி ஓடுது, மார்க்கெட்டுல பிளாஸ்டிக் பாய் பாதி வெலைக்குக் கெடைக்கிது. ரெண்டு பேர் நாள் பூரா ஒக்காந்தா சாதா பாய் ரெண்டு, டிசைன்னா ஒண்ணு. பொண்ணு மாப்ள பேரு போட்ட கல்யாணப் பாய்க்கும் தொழுகைப் பாய்க்கும் இன்னும் ஆர்டர் வருது, அதுல ஓடுது வீடு. ஒத்தப் பாய் 350, டபுள் 600ன்னு சொன்னாங்க, நான் பேரம் பேசல, ரெண்டும் வாங்கினேன். பஸ்ஸுல லக்கேஜுன்னு 30 ரூபா தனியா போட்டாரு கண்டக்டர், ரசீது கேட்டதுக்கு மொறைச்சாரு.

வாங்கப் போறவங்களுக்கு அந்தம்மா சொன்னத அப்படியே போடறேன். பாவு நைலானா பருத்தி நூலான்னு கேட்டு வாங்குங்க, பருத்தி தான் ஒடம்ப உறுத்தாது. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா சந்து தெரியக் கூடாது. ஈரம் பட்டா ஒடனே நெழல்ல காய வைங்க, இல்லன்னா பூஞ்சை புடிச்சிரும். மடிக்காதீங்க, சுருட்டுங்க. பங்குனி வெயில் ஆரம்பிச்சா வெல ஏறும், அதுக்கு முன்னாடியே போயிடுங்க.